நாகப்பட்டினத்துல தங்கி பாக்க என்ன இருக்கு? போனவங்க சொல்லுங்க

பீடோங் காளை:
வணக்கம் மக்களே. அம்மாவ வேளாங்கண்ணி கூட்டிட்டு போலாம்னு நானும் தங்கச்சியும் பேசிக்கிட்டு இருக்கோம், டிசம்பர் மாசம்னா ரெண்டு பேருக்கும் லீவு கெடைக்கும். ஆனா என் கேள்வி பக்கத்துல இருக்குற நாகப்பட்டினம் பத்தி. எங்க தாத்தா அங்கதான் கப்பல் ஏறுனாரு, கங்காணி (ஆள் சேக்குற மேஸ்திரி) கூட்டியாந்த ஆளு, இங்க மலேசியாவுல கெடா மாநிலம் பீடோங் பக்கத்து தோட்டத்துல பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி பால் எடுத்தவரு, இப்ப அந்த தோட்டம் பாதி செம்பனை (எண்ணெய்ப்பனை) பாதி தாமான் (குடியிருப்பு), தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்து வீட்டயெல்லாம் எப்பவோ இடிச்சிட்டாங்க. அதனால அந்த கடற்கரையாவது பாக்கணும்ங்குறாங்க அம்மா. ஏஜென்ட்டு கிட்ட கேட்டா அங்க ஒண்ணும் இல்லங்க, வேன நிறுத்தி அஞ்சு நிமிஷம் போட்டோ எடுத்துட்டு கெளம்பிடலாம்ங்குறாரு. நெசமாவா? ஒரு ராத்திரி தங்கலாமா? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது.

நாகூர் மருமகன்:
தம்பி மொதல்ல டிசம்பர மறந்துடுங்க. அக்டோபர்லேர்ந்து அந்த கரைக்கு மழை காலம், புயல் வந்தா பிளேன், ரயிலு எல்லாம் கேன்சல், 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் ஏறி அந்த மாவட்டத்தயே போட்டு பொரட்டிடுச்சு. ஜனவரி பாதிக்கு மேல, இல்ல பிப்ரவரி, அதுதான் நல்ல நேரம். ஆகஸ்ட் 29லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி திருவிழா, முட்டி வலிக்காரங்கள கூட்டிட்டு போற கூட்டம் இல்ல அது.

கேஎல் (கோலாலம்பூர்)லேர்ந்து திருச்சிக்கு நேரா பிளேன் இருக்கு, அங்கேர்ந்து காடி (காரு) எடுத்தா தஞ்சாவூர், திருவாரூர் வழியா நாகை, 140 கிலோமீட்டர் சொச்சம். ரூம நாகையிலயே போடுங்க. வேளாங்கண்ணி தெக்க, நாகூர் வடக்க, ரெண்டும் கிட்டதான், ரெண்டு பக்கமும் போய்ட்டு வந்துடலாம்.

நாகூர் தர்காவுக்கு சாயங்காலமா போங்க, இந்துக்களும் வந்து நேர்த்திக்கடன் செய்யிற எடம்தான். அஞ்சு மினாராவுல பெருசு 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் குடுத்தது. பினாங்குல சூலியா ஸ்திரீட் தர்காவும் இதே நாகூர் ஆண்டவர் பேர்லதான். அப்புறம் அங்க எறா வாடா சாப்புடாம வந்துடாதீங்க, நம்ம ஊரு வடை இல்ல அது, நடுவுல எறாவ பதிச்சு எண்ணெயில பொரிச்சு போடுவாங்க, சுடச்சுட தின்னணும், ஆறிடுச்சுன்னா ரப்பர்.

மெர்போக் டீச்சர்:
ஏஜென்ட்டு சொன்னது பாதி உண்மைதான் தம்பி, அதுக்காக அஞ்சு நிமிஷத்துல கெளம்புற ஊரு இல்ல. நாகையோட பெரிய சொத்தெல்லாம் நாகையில இல்ல, அதான் விஷயம். ராஜராஜ சோழன் காலத்துல கடாரத்து ராஜா அங்க சூடாமணி விகாரம்னு ஒரு புத்த விகாரம் கட்டுனாரு, அதாவது நம்ம கெடா பக்கத்தையும் சேத்து ஆண்ட ஸ்ரீவிஜய ராஜா! அதுக்கு ஆனைமங்கலம்ங்குற ஊர ராஜராஜன் எழுதி வச்சாரு. அத பொறிச்ச செப்பேடு ஹாலந்துல லெய்டனுக்கு போயிடுச்சு, 21 ஏடு, அதனாலதான் லெய்டன் செப்பேடுன்னே பேரு. இவ்ளோ சிநேகமா இருந்துட்டு 1025 வாக்குல ராஜேந்திரன் கப்பல்படை அனுப்பி கடாரத்தயே அடிச்சாரு, பள்ளிக்கூடத்துல இத சொன்னா பசங்களுக்கு ஒரே குஷி, அடி வாங்குனது நம்ம ஊருதாண்டான்னு நான்தான் சொல்லணும்.

விகாரத்தோட மிச்சம்னு ஒரு செங்கல் கோபுரம் ரொம்ப காலம் நின்னுச்சு, கடல்லேர்ந்து வர்ற கப்பலுக்கு அடையாளமே அதுதான். 1867ல பாதிரிமாருங்க காலேஜ் கட்டணும்னு அதயும் இடிச்சிட்டாங்க, அரசாங்கமே அனுமதி குடுத்துச்சு. அந்த மண்ணுல தோண்டி எடுத்த வெண்கல புத்தர் சிலைங்க நெறய சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு, திரும்பி வர்றப்ப சென்னை வழியா வந்தீங்கன்னா பாத்துடுங்க, உள்ளங்கை உயரத்துல கூட இருக்கும், தலைக்கு மேல தீக்கொழுந்து மாதிரி ஒண்ணு நிக்கும் பாருங்க, அதுதான் நாகை புத்தர்.

சரி நாகையிலயே என்னன்னா, காயாரோகணசாமி நீலாயதாட்சி அம்மன் கோயில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில், டச்சுக்காரங்க கட்டுன சர்ச். டச்சுக்காரங்க 1658ல போர்த்துகீசியர் கிட்டேர்ந்து புடிச்ச ஊரு, 1781ல இங்கிலீஷ்காரன் கைக்கு போச்சு. பெருமாள் கோயில் வெளி மண்டபத்துல உக்காந்தா கடல்காத்து வரும், அம்மாவுக்கு அது போதும்.

போறதுக்கு முன்னாடி இங்க கெடாவுல மெர்போக் மியூசியத்துக்கு அம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பீடோங்லேர்ந்து எவ்ளோ தூரம் சொல்லுங்க! அங்க இருக்குற புக்கிட் பத்து பஹாட் சண்டிய (பழைய காலத்து கோயில) பாத்துட்டு நாகை போறதுக்கும் பாக்காம போறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

பீடோங் காளை:
டீச்சர் பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன், ஸ்கூல் ட்ரிப்ல போனதோட சரி. இந்த வாரமே கூட்டிட்டு வர்றேன். தாத்தா கப்பல் ஏறுன எடம்னு குறிப்பா எதாவது இருக்கா?

செம்பனை சித்தப்பா:
இந்த எடம்னு கல்லு நட்டு வச்சிருப்பாங்கன்னு நெனைக்காதப்பா. அந்த காலத்துல பெரிய கப்பல் கரைக்கே வராது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், படகுலதான் கொண்டு போய் ஏத்துவாங்க. அதுக்கு முன்னாடி ஆளுங்கள டிப்போங்குற முகாம்ல போட்டு வைப்பாங்க, இங்க வந்து சேந்தா பினாங்குக்கு பக்கத்துல புலாவ் ஜெரெஜாக்ல குவாரண்டின். கூலி ஆளுங்கள அனுப்புறத 1938ல இந்திய அரசாங்கம் நிறுத்திடுச்சு, உங்க தாத்தா அதுக்கு முன்னாடி வந்தவரா இருக்கணும். எங்கப்பா வந்தது ரஜுலாவுல, 1926ல கட்டுன கப்பல், 1973 வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் எம்வி சிதம்பரம், அதுல 1985ல தீ புடிச்சதோட ஜனங்க போற கப்பலே நின்னு போச்சு.

ஒண்ணு செய்யி. காலையில வெள்ளன கடுவையாறு கடல்ல கலக்குற பக்கம் போ, அக்கரைப்பேட்டை அங்கதான், போட்டு வந்து மீன் ஏலம் நடக்கும். பொம்பளைங்க அலுமினிய அன்னக்கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு ஐசு தண்ணியில வெறுங்காலோட நின்னு வெல பேசுவாங்க, உங்கம்மா காடியில உக்காந்தே பாக்கலாம். படகுங்க வெளிய போற வழியையும் காட்டு, அங்கேர்ந்துதான் கப்பலுக்கு போயிருப்பாங்க. 2004 சுனாமியில அந்த மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போயிட்டாங்க, அக்கரைப்பேட்டையில ரொம்ப. அதனால போனவொடனே போன தூக்கி செல்பி எடுக்காம நாலு வார்த்த பேசிட்டு எடுங்கப்பா.

தாப்பா கணேசு:
யாருமே தரங்கம்பாடி சொல்லல? காரைக்கால் தாண்டி போனா டேனிஷ்காரங்க 1620ல கட்டுன கோட்ட கடலுக்கு எதுக்கவே நிக்குது, நாகை மாதிரி தேட வேணாம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல வந்து எறங்குன ஊரு, தமிழ்ல பைபிள் புதிய ஏற்பாட்ட அச்சடிச்சதும் அங்கதான். எனக்கு கேட்டா நாகைய விட அதுதான் டாப்பு.

நாகூர் மருமகன்:
கணேசு அவரு கோட்ட பாக்க போகலப்பா, தாத்தா ஊருக்கு போறாரு. தம்பி, நாகையில ரெண்டு ராத்திரி போடுங்க, நேரம் இருந்தா மூணாவது நாளு தரங்கம்பாடி. விசா ஆன்லைன்லதான், அம்மா பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுமான்னு இன்னைக்கே எடுத்து பாருங்க.