இறவாணத்தில் தொங்கும் பழுப்பு உருண்டை என்ன? நிஷிஜிமா மரஅச்சுப் படம் பற்றி ஒரு கேள்வி

ஓசாகா மலர்:

எல்லோருக்கும் வணக்கம். ஓசாகாவில் நான்கு வருடமாக இருக்கிறேன். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, கண்ணுக்குப் பிடித்ததைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போன மாதம் 21ஆம் தேதி கியோத்தோவில் தோ-ஜி கோயில் சந்தைக்குப் போயிருந்தேன். மாதாமாதம் அதே தேதியில்தான் கூடும். பழைய கிமோனோக்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தார்ப்பாய் விரித்துப் படங்கள் அடுக்கியிருந்தார். அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை. 6,000 யென் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு பழைய மரவீடு. தெருவில் நின்று நேருக்கு நேர் பார்ப்பது போல இருக்கிறது. கறுப்புக் கோடுகள் நல்ல தடிமன். கீழ்த்தளம் முழுக்க மரக்கிராதி, வாசலில் கருநீலத் துணி, மேலே ஓட்டுக்கூரை. பக்கத்தில் இலையே இல்லாத ஒரு மரம், ஆனால் கிளை நிறைய ஆரஞ்சு நிறப் பழம். ஆள் ஒருவர்கூட இல்லை. இருந்தும் உள்ளே யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கீழே பென்சிலில் 212/500, ஒரு கையெழுத்து, சிவப்பு முத்திரை. நிஷிஜிமா கட்சுயுகி என்று அந்தப் பெரியவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

இறவாணத்தில் தேன்கூடு மாதிரி ஒரு பழுப்பு உருண்டை தொங்குகிறது. அது என்ன? அப்புறம், அலுவலகத்தில் ஒருவர் பார்த்துவிட்டு "ஐந்நூறு காப்பி போட்டதென்றால் இது போஸ்டர்தானே?" என்றார். இரண்டு நாளாக மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது. அவர் சொன்னது சரியா? பின்பக்கம் மேல் ஓரத்தில் பழைய செல்லோ டேப் மஞ்சளாகி ஒட்டியிருக்கிறது. அதை நானே உரித்துவிடலாமா?

உளிச்சத்தம்:

முதலில் டேப்பில் கை வைக்காதீர்கள். அதற்குத் தெரிந்தவர் யாராவது வருவார். நான் மற்றதைச் சொல்கிறேன். கியோத்தோவில் ஒரு பட்டறையில் ஆறு மாதம் மரஅச்சு, அதாவது பலகையில் படத்தைச் செதுக்கித் தாளில் அச்செடுப்பது, பழகியவன், இன்றும் வீட்டில் செதுக்குகிறேன்.

போஸ்டர் இல்லை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிப் பாருங்கள். இயந்திர அச்சு என்றால் நிறம் முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளியாகத் தெரியும். மரஅச்சில் புள்ளி இருக்காது. சுவர், வானம் மாதிரி ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் பலகையின் ரேகை மெலிதாக ஓடலாம். அப்புறம் படத்தைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி பிடியுங்கள். நிறம் தாளுக்குள் இறங்கிப் பின்பக்கம் வரைக்கும் கசிந்திருக்கும். சில இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்த தடமும் தெரியும்.

அந்தத் தடம் 'பாரென்' என்ற கருவியுடையது. மூங்கில் மடலைக் கீறிக் கயிறாக முறுக்கி, அதைச் சுருளாகச் சுற்றித் தட்டு போல் ஆக்கி, மேலே இன்னொரு மூங்கில் மடலால் பொதிந்திருப்பார்கள். பலகையில் நீர்ச்சாயமும் அரிசிப் பசையும் தடவி, ஈரப்படுத்திய தாளை மேலே போட்டு, பாரெனால் தோள்பலம் முழுக்கக் கொடுத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு. ஒரு படத்தில் பத்து நிறம் என்று வைத்துக்கொண்டால், 500 பிரதிக்கு 5,000 தடவை தாளைப் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். பலகையின் மூலையில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக 'கெந்தோ' என்று இரண்டு சிறு வெட்டு உண்டு. தாளின் மூலையையும் ஓரத்தையும் அவற்றில் சரியாக உட்கார வைத்தால்தான் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் நகராமல் விழும். நான் பழகிய முதல் மாதம் முழுக்க இதற்கே போனது. தாளின் ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் அது சுருங்கிவிடும், காலையில் பொருந்திய நிறம் மதியம் பொருந்தாது. அதனால் 212 என்ற எண்ணை 'இருநூற்றுப் பன்னிரண்டாவது காப்பி' என்று நினைக்காதீர்கள். அந்தத் தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கையால் தேய்க்கப்பட்டிருக்கிறது.

நிஷிஜிமா 1945இல் யமகுச்சி மாகாணத்தில் பிறந்தவர். 1960களில் கியோத்தோவின் மிகுமோ மரஅச்சகத்தில் தொழில் கற்றார். பழைய வீடுகள், கடைவாசல்கள், கூரைவேய்ந்த கிராமத்து வீடுகள்தான் அவருடைய உலகம். அதே கியோத்தோ வீடுகளைத் தடித்த கோட்டில் செய்த இன்னொருவர் கிளிஃப்டன் கார்ஹு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1927இல் பிறந்து ஜப்பானிலேயே தங்கிவிட்டவர், 2007இல் காலமானார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கண்ணுக்குக் கார்ஹுவின் கோடு கொஞ்சம் ஆடும், நிஷிஜிமாவின் கோடு தச்சன் அளந்து வைத்த மாதிரி நிற்கும். எனக்கு நிஷிஜிமாதான் பிடிக்கும். சட்டம் எங்கே பொருந்துகிறது, கிராதி எங்கே முடிகிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்தே ஒரு வீட்டைக் கட்டிவிடலாம் போலிருக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் படத்தில் கிராதிக் கட்டைகள் எப்படி இருக்கின்றன? எல்லாம் மேல்வரை போகின்றனவா, இல்லை சிலவற்றின் மேல்பகுதி மட்டும் வெட்டியிருக்கிறதா? கியோத்தோவில் கிராதியைப் பார்த்துக் கடையைச் சொல்வார்கள். நூல்கடை, துணிக்கடை என்றால் நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும், அதனால் சில கட்டைகளை மேலே குட்டையாக விட்டிருப்பார்கள். அரிசிக்கடை, மதுக்கடை என்றால் மூட்டையும் பீப்பாயும் மோதினாலும் தாங்குகிற தடித்த கட்டை. பார்த்துச் சொல்லுங்கள்.

கோபே குமார்:

அந்த உருண்டைக்குப் பெயர் சுகிதாமா. சுகி என்ற ஊசியிலை மரத்தின் இலைக்கொத்துகளை நெருக்கமாகச் செருகி, பந்து போல உருட்டிக் கத்தரித்திருப்பார்கள். சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் இடங்களிலும் விற்கும் கடைகளிலும் தொங்கும். புதுச் சாக்கே பிழிந்ததும் பச்சைப் பசேலென்று ஒன்றைக் கட்டுவார்கள். மாதம் போகப் போக அது காய்ந்து பழுப்பாகும், உள்ளே சாக்கேயும் பக்குவமாகும். தெருவில் போகிறவர் உருண்டையின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

உங்கள் மரம் ககி, சீமைப் பனிச்சை என்போமே அதுதான். இலை எல்லாம் உதிர்ந்த பிறகும் பழம் மட்டும் கிளையில் நிற்கும். ஆக, உருண்டை பழுப்பு, மரம் மொட்டை, பழம் ஆரஞ்சு. இலையுதிர்காலத்தின் கடைசி, இன்னும் கொஞ்ச நாளில் புதுப் பந்து ஏறப்போகிற நேரம். ஆளே இல்லாத படத்தில் இவ்வளவையும் வைத்திருக்கிறார்!

நான் கோபேயில் நாதா பக்கம் குடியிருக்கிறேன். சாக்கேக்குப் பேர்போன இடம். 1995 நிலநடுக்கத்தில் இங்கிருந்த பழைய மரக் கிடங்குகள் பெரும்பாலும் விழுந்துவிட்டன. இப்போது கான்கிரீட் கட்டடம், வாசலில் மட்டும் சுகிதாமா. அதனால் இந்த மாதிரி படத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

தாள்பிரியா:

மலர் அக்கா, டேப்பை உரிக்காதீர்கள். காய்ந்த பசை தாளின் இழையோடு சேர்ந்து வரும், கோசோ நாரில் செய்த தாள் என்றால் மேல் அடுக்கே பிரிந்துவிடும். காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். எடுத்த பிறகு, மேல் ஓரத்தில் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் துண்டை மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். பின்னால் வைக்கும் அட்டை அமிலமில்லாததா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது.

நான் ஒரு பனிக்காட்சிப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் முழுப் படத்தையும் அட்டையில் ஒட்டியே கொடுத்துவிட்டார். அது போதாதென்று நானும் அதை மேற்கு ஜன்னலுக்கு எதிரில் மாட்டினேன். மூன்று வருடத்தில் விளக்கின் சிவப்பு வெளிறி மண் நிறமாகிவிட்டது. இன்னும் அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. உங்களுடையதை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

உளிச்சத்தம்:

கோபே குமார் சொன்னதோடு ஒன்று. கியோத்தோ நகராட்சியின் 2016 கணக்கெடுப்பில் இந்த மாதிரி 'மாச்சியா' வீடுகள் சுமார் 40,000 இருந்தன. அதற்கு முந்தைய ஏழு வருடத்தில் வருடத்துக்கு 800 வீதம் இடிபட்டிருக்கின்றன, அதாவது ஒரு நாளைக்கு இரண்டு. சன்னென்சாக்கா, கியோன் ஷின்பாஷி தெருக்களை 1976லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கிவிட்டார்கள், அவை தப்பித்தன. நான் பழகிய பட்டறைக்கு எதிரில் இருந்த வீடு அப்படி எந்தப் பட்டியலிலும் இல்லை. மேலே களிமண் பூசிய கம்பிகளோடு 'பூச்சிக்கூண்டு' ஜன்னல், கீழே செங்காவி பூசிய கிராதி. அடுத்த முறை போனபோது கார் நிறுத்தம். நான் அதை வரைந்து வைக்கவில்லை.

ஓசாகா மலர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உருப்பெருக்கியோடு உட்கார்ந்துவிட்டேன்.

புள்ளி எதுவும் இல்லை. சுவரின் மண் நிறத்துக்குள் ரேகை ஓடுகிறது, தண்ணீர் ஓடிக் காய்ந்த மணல் மாதிரி. பின்பக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன், வட்டத் தடம் தெரிந்தது! கூரைக்குப் பின்னால் இன்னும் நன்றாகத் தெரிகிறது, அந்த இடத்தில் ரொம்ப அழுத்தியிருக்க வேண்டும். வாசல் துணியின் ஓரத்தில், நீலத்துக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு முடி அகலத்துக்கு வெறும் தாள் தெரிகிறது. உளிச்சத்தம் சொன்ன ஈர விஷயம்தானே? அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கிராதியை எண்ணினேன். பதினேழு கட்டை, எல்லாம் மேல்வரை போகிறது, எதுவும் குட்டை இல்லை. நல்ல தடிமன். மதுக்கடையேதான்.

டேப்பைத் தொடவில்லை. சனிக்கிழமை ஃபுஷிமி போகிறேன், அங்கே பழைய சாக்கே கிடங்குகள் இன்னும் வரிசையாக நிற்கின்றனவாம். உருண்டை இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து வந்து எழுதுகிறேன்.