வீணைச் சாம்பிளை ஆல்கெமியில் ரீசிந்தசிஸ் செய்வது வெட்டி வேலையா?

ஓட்டைஸ்பீக்கர்:
ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் புரோவோடு வரும் ஆல்கெமி என்ற சிந்தசைசரில் மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். பதிவு செய்த ஒலியை அலசி, மறுபடி கட்டி எழுப்புவதுதான் ரீசிந்தசிஸ். பக்கத்து வீட்டு மாமி தன் வீணையின் சாரணித் தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டினார், பதிவு செய்துகொண்டேன். இம்போர்ட் செய்யும்போது ஆடிட்டிவ் என்ற ரீசிந்தசிஸ் முறையைக் கொடுத்தால் நாதம் வருகிறது, மீட்டு வரவில்லை. நகம் தந்தியில் படும் அந்த ‘ட்’ பஞ்சு சுற்றியதுபோல மழுங்கிவிடுகிறது. அதே கோப்பை, பதிவை அப்படியே வாசிக்கும் சாம்ப்ளர் முறையில் போட்டால் உயிரோடு இருக்கிறது. என் தீர்ப்பு: நல்ல சாம்பிளைக் கெடுப்பதற்குச் சுற்றுவழிதான் ரீசிந்தசிஸ். மறுப்பவர்கள் வரலாம்.

மிக்ஸ்ராத்திரி:
வந்துவிட்டேன் தம்பி. ஆடிட்டிவ் என்றால் ஒலியைச் சைன் அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நேரம் போகப்போக எப்படி ஏறி இறங்குகிறது என்று குறித்துவைப்பது. நகம் உரசுவது இரைச்சல். அது சைன் அலைக்குள் அடங்காது. நாதத்தைத் தனியாகவும் இரைச்சலைத் தனியாகவும் வைக்கச் சொல்லி 1990-லேயே சேவியர் செர்ராவும் ஜூலியஸ் ஸ்மித்தும் எழுதிவிட்டார்கள். (அதே செர்ரா பிற்பாடு பார்சிலோனாவில் கர்நாடக இசை ஆராய்ச்சியையும் நடத்தினார்.) ஆல்கெமியில் நாதத்தை ஆடிட்டிவும் இரைச்சலை ஸ்பெக்ட்ரலும் பார்த்துக்கொள்ளும் கூட்டு முறை இருக்கிறதே, அதைப் போட்டுப் பார்த்தாயா?

ஓட்டைஸ்பீக்கர்:
பார்த்தேன் அண்ணா. இரைச்சல் திரும்பி வந்தது, ஆனால் நகம் படுவதற்கு முன்னாலேயே ஒரு ‘ஸ்ஸ்’. மீட்டப்போகிறார் என்று வீணையே முன்கூட்டிச் சொல்லுகிறது!

கணக்குப்பிள்ளை:
அது ஜன்னல் அளவின் கோளாறு. மென்பொருள் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு நீளத் துண்டாக எடுத்து அலசுகிறதோ, அந்தத் துண்டுதான் ஜன்னல். நொடிக்கு 44,100 அளவீடு எடுக்கும் பதிவில் 2,048 அளவீடு கொண்ட ஜன்னல் என்றால் சுமார் 46 மில்லிசெகண்ட். அதற்குள் எப்போது என்ன நடந்தது என்று கறாராகப் பிரிக்க முடியாது. 512 ஆகக் குறைத்தால் 11.6 மில்லிசெகண்ட், மீட்டு கூர்மையாகும். ஆனால் அதிர்வெண் இடைவெளி 21.5-இலிருந்து 86 ஹெர்ட்ஸாகிவிடும். மந்தர ஸ்வரங்களின் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வெண்கள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த மென்பொருளானாலும் இதுதான் கதை.

ஓட்டைஸ்பீக்கர்:
அப்போ என் பக்கம்தானே ஜெயிக்கிறது? சிட்னியில் ஃபேர்லைட் என்ற சாம்ப்ளர் சிந்தசைசரைச் செய்த பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்கத்தான் முதலில் முயன்றார்கள். நிஜ வாத்தியம்போல வரவில்லை. குறுக்குவழியாக ஒலியைப் பதிவு செய்தே வாசிக்கவைத்தார்கள், 1979-இல் உலகம் அதைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

மிக்ஸ்ராத்திரி:
சாம்பிளை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துப் பார். மீட்டும் தேய்வும் பாதி நேரத்தில் முடிந்துவிடும். தம்புராவை எடுத்துக்கொள். இரண்டு சாரணிக்கும் நடுவே இம்மி வித்தியாசம் இருந்தால் ‘வாவ்...வாவ்’ என்று மெதுவாக அலையும், இல்லையா? சாம்ப்ளரில் ஒரு ஸ்தாயி ஏற்றினால் அந்த அலையும் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். கேட்கவே காய்ச்சல் வந்த தம்புரா மாதிரி இருக்கும். ஆடிட்டிவில் நேரம் தனி, சுருதி தனி. ஸ்தாயி மாறினாலும் அலை அதே நிதானத்தில் போகும். இதை உன் சாம்ப்ளரில் செய்து காட்டு.

அப்புறம் பி-வார் என்று ஒரு குமிழ் இருக்கிறது. கோயில் மணியை ஆடிட்டிவில் இறக்கி, அதை நூறிலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வா. மணியின் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளில் நிற்பதில்லை, அதனால்தான் அது மணி. பூஜ்யத்துக்கு வரும்போது எல்லாம் வரிசையில் வந்து நின்று ஆர்கன் ஆகிவிடும். மிருதங்கத்தில் இந்த வித்தை அவ்வளவாகத் தெரியாது. நடுவில் கருப்பாக ஒட்டியிருக்கிறதே, அது மேற்சுரங்களை ஏற்கெனவே ஒழுங்குபடுத்திவிடுகிறது. சி. வி. ராமன் 1920-லேயே எழுதியது இது.

ஓட்டைஸ்பீக்கர்:
தம்புரா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மணி ஆர்கனாவது எனக்கு வேண்டாம், வீணை வீணையாக இருந்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
சண்டை எதற்கு? ஆல்கெமியில் நான்கு சோர்ஸ், அதாவது சேர்ந்து ஒலிக்கும் நான்கு ஒலி அடுக்குகள் இருக்கின்றன. ஏ-யில் சாம்ப்ளர், முதல் 80 மில்லிசெகண்டோடு அடங்கட்டும். பி-யில் ஆடிட்டிவ், 30 மில்லிசெகண்டில் எழட்டும்.

ஓட்டைஸ்பீக்கர்:
செய்தேன். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. ஏ-யில் ஹைபாஸ் ஃபில்டர் போட்டுக் கீழ் அதிர்வெண்களை வெட்டியதும் சரியாகிவிட்டது. மேல் ஸ்தாயியிலும் நாதம் நீளமாக நிற்கிறது. ஆனாலும் அந்த ‘ட்’ சாம்ப்ளர்தான் கொடுத்தது, குறித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

மிக்ஸ்ராத்திரி:
குறித்துக்கொண்டேன். அந்த நீளம் யார் கொடுத்தது என்று நீயும் குறித்துக்கொள். மாமியிடம் போட்டுக் காட்டினாயா?

ஓட்டைஸ்பீக்கர்:
காட்டினேன். “மீட்டு நன்னாத்தான் இருக்கு, சுருதி ஒரு இழை குறைச்சல்” என்றார்.

கணக்குப்பிள்ளை:
அது அவர் தந்தியின் வேலை. சுருதி சேர்த்துவிட்டு மறுபடி பதிவு செய். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக இங்கே போடு.