வாக்னரை வெட்டி ஒட்டினால் அது இசையா?

வயலின்காரன்:
ஜெர்மன் இசைக்காரர் வோல்ஃப்காங் ஃபோக்ட், 'காஸ்' என்ற பெயரில் வெளியிட்ட 'கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட்' (1998) தொகுப்பை, இங்கே எல்லோரும் புகழ்கிறீர்களே என்று முழுக்கக் கேட்டேன். வாக்னர், ஷோன்பெர்க் போன்ற மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு நறுக்கு, அதைக் குழைத்துச் சுற்றவிடுவது, அடியில் டம் டம் என்று ஒரே டிரம். வெட்டியவரைப் போய் மேதை என்கிறீர்கள்!

நள்ளிரவு ரசிகை:
எதில் கேட்டீர்கள்? ஃபோன் ஸ்பீக்கரில் அந்த டிரம் காதில் விழவே விழாது.

வயலின்காரன்:
நல்ல ஹெட்ஃபோனில்தான். பழியை அதன்மேல் போட வேண்டாம்.

நள்ளிரவு ரசிகை:
சரி. ரைன் ஆற்றில் தொடங்கும் வாக்னரின் ஓபரா (இசை நாடகம்) 'தாஸ் ரைன்கோல்ட்' எப்படித் தொடங்குகிறது? 136 பார் (தாளப் பகுதி) முழுக்க ஒரே இ ஃப்ளாட் மேஜர் ஸ்வரக்கூட்டு. 1869இல் அரங்கேறிய அது சாதனை, ஃபோக்ட் செய்தால் திருட்டா? தன் ஓபராக்களுக்காகக் கட்டிய பைராய்ட் அரங்கில் ஆர்கெஸ்ட்ராவையே மேடைக்கு அடியில் மறைத்தவர் வாக்னர். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒலி கலந்து வரும். ஃபோக்ட் அதையே இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகிறார். கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட் என்பது ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் காடு. காட்டுக்குள் நின்றால் எந்த மரம் சத்தம் போடுகிறது என்று பார்த்துக்கொண்டா இருப்போம்?

வயலின்காரன்:
அந்த 136 பாரில் ஸ்வரக்கூட்டு மாறவில்லை, மற்றதெல்லாம் மாறுகிறது. முதலில் டபுள் பேஸ், பிறகு எட்டு ஹார்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அப்புறம் தந்திகள். ரைன் ஆறு பெருகுவது போல. ஷோன்பெர்க்கின் 'ஃபெர்க்லேர்டே நாஹ்ட்' (1899) படைப்பிலும் காடுதான், இரவுதான். டி மைனர் என்ற சோகச் சாயலில் தொடங்கி, அரை மணி நேரம் தவித்து, டி மேஜர் என்ற வெளிச்சத்தில் விடிகிறது. அப்படிப்பட்ட இசையில் சில நொடிகளை மட்டும் சுற்றவிட்டால் அந்த விடியல் வரவே வராது!

நள்ளிரவு ரசிகை:
வரக்கூடாது என்பதுதானே விஷயம்! இருட்டு அதில்தான் இருக்கிறது.

மொட்டைமாடி:
எனக்கு இது பாடகர் வராத கச்சேரி. தம்பூரா மட்டும் ஓடுகிறது. மூன்றாவது டிராக்கில் தூங்கிவிட்டேன். புகழ்கிறேனா திட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வயலின்காரன்:
தம்பூராவாவது பாடகருக்கு இடம் விட்டுக் காத்திருக்கும். இது யாருக்காகக் காத்திருக்கிறது? விடியல் வேண்டாம் என்பதைக்கூட ஒப்புக்கொள்கிறேன். அந்த டிரம்மைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் விசேஷம் நடப்பது போல.

நள்ளிரவு ரசிகை:
எனக்கு அது நெஞ்சுத் துடிப்பு. அப்படியானால் 2000இல் வந்த, அவருடைய 'பாப்' தொகுப்பைக் கேளுங்கள், பெரும்பகுதியில் டிரம்மே இல்லை.

வயலின்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இன்றிரவு கேட்கிறேன். அதிலும் ஷோன்பெர்க்கை நறுக்கியிருந்தால் நாளைக்குத் திரும்ப வருவேன்.