மாரியோ 64: புரட்சியா, வெறும் வளர்ச்சியா?

பிக்சல் பாண்டி:
ஒரு கேம் வந்த பிறகு மற்றவர்கள் பழைய மாதிரியே கேம் செய்துகொண்டிருக்க முடியாமல் போனால், அதைத்தான் புரட்சி என்பேன். 1996இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ 64 அப்படிப்பட்டது. முப்பரிமாண உலகத்தில் ஓர் ஆளை எப்படி ஓட்டுவது என்று எல்லோரும் தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது.

கடைசி லெவல்:
நண்பா, அதில் புதிதாக என்ன இருந்தது? முப்பரிமாணத்தில் தாவிக் குதிப்பதை 1995லேயே பிளேஸ்டேஷனில் ‘ஜம்பிங் ஃபிளாஷ்’ செய்துவிட்டது. அனலாக் ஸ்டிக், அதாவது எவ்வளவு சாய்க்கிறோம் என்பதையும் உணரும் குச்சி, 1982லேயே வெக்ட்ரெக்ஸ், அட்டாரி 5200 என்ற பழைய கேம் கருவிகளில் இருந்தது. இருந்த சரக்கையெல்லாம் நின்டெண்டோ அருமையாகச் சேர்த்தது. அதற்குப் பெயர் வளர்ச்சி.

பிக்சல் பாண்டி:
முதலில் யார் செய்தார் என்று பார்த்தால் எந்த கேமுமே தேறாது. ஜம்பிங் ஃபிளாஷில் நம் கதாபாத்திரத்தின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அதே 1996இல் வந்த மற்ற இரண்டையும் பாருங்கள். டூம் ரெய்டரில் (Tomb Raider) நாயகி லாராவை நின்ற இடத்தில் திருப்பி, அப்புறம் முன்னே நடத்த வேண்டும். கட்டம் கட்டமான தரையில் அடி கணக்குப் பார்த்துத்தான் தாவ வேண்டும். க்ராஷ் பேண்டிகூட்டில் பாதையே ஒடுக்கமான சந்து. இரண்டும் நல்ல கேம்கள், ஆனால் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனவை.

மாரியோவில் கேமரா, அதாவது திரையில் நமக்குக் காட்டும் பார்வை, பார்க்கும் பக்கத்தை வைத்து ஸ்டிக்கை எந்தத் திசையில் சாய்க்கிறோமோ, அந்தத் திசையில் அவர் போகிறார். லேசாகச் சாய்த்தால் அடிமேல் அடி வைத்து நடக்கிறார், முழுக்கச் சாய்த்தால் ஓடுகிறார். இரண்டாவது உலகத்தில் பிரானா செடி என்ற கடிக்கும் எதிரி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். ஓடினால் விழித்துக்கொள்ளும். அதை எழுப்பாமல் கிட்டே போக, கட்டைவிரலை மிக மெதுவாக நகர்த்த வேண்டும்.

கடைசி லெவல்:
செடி சரி, கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? சுவர் ஓரம் போனாலே அது முரண்டு பிடிக்கும். எதிரியின் மேல் பார்வையைப் பூட்டும் வசதிக்கு அதே நின்டெண்டோவின் 1998 செல்டா கேம் வரவேண்டியிருந்தது. புரட்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1993இல் வந்த துப்பாக்கிச் சண்டை கேமான டூமை (Doom) சொல்லுங்கள்.

பிக்சல் பாண்டி:
டூமுக்கு முன்னால் 1992இல் அதே குழு வுல்ஃபென்ஸ்டைன் 3டி செய்ததே! உங்கள் அளவுகோலில் டூமும் வளர்ச்சிதான்.

கடைசி லெவல்:
துப்பாக்கி, தாழ்வாரம் மட்டும் பார்த்தால் வளர்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டூமின் லெவல்களும் படங்களும் வாட் (WAD) என்ற தனிக் கோப்பில் இருந்தன. யார் வேண்டுமானாலும் சொந்த லெவல் செய்து பகிர முடிந்தது. விளையாடுகிறவரே கேம் செய்கிறவராக மாறினார். அந்த அளவு மாற்றத்தைத்தான் நான் கேட்கிறேன்.

சுதா ஆர்கேட்:
நடுவில் வருகிறேன். மாரியோ 64இல் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறப்பவர் லகிட்டு என்ற பாத்திரம். கோட்டைக்குள் கண்ணாடி அறைக்குப் போனால், மாரியோவின் பின்னால் அவர் மிதப்பது தெரியும். கேமராவும் நம் கையில் இருக்கிற ஒன்று என்பதை விளையாட்டுக்குள்ளேயே சொல்லிக்கொடுத்தார்கள். அது அடிக்கடி சொதப்பியது உண்மைதான். ஆனால் 1997லேயே சோனி இரண்டு ஸ்டிக் வைத்த கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. இன்று ஒரு ஸ்டிக்கில் நடந்து, இன்னொன்றில் கேமராவைத் திருப்புகிறோம்.

கடைசி லெவல்:
அப்படியென்றால் புரட்சி செய்தது கன்ட்ரோலர். 2004இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் இதே கேம் வந்தது. அதில் ஸ்டிக் கிடையாது. உலகங்கள் பெரும்பாலும் அவையேதான், ஆனால் ஓடுவதற்குத் தனி பட்டன். அந்த மெதுவான நடை எங்கே போனது?

பிக்சல் பாண்டி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஸ்டிக் 1982லேயே இருந்தது என்றவர் நீங்கள். 14 வருஷம் அதை வைத்து யாரும் ஒரு ஆளை இப்படி நடக்கவைக்கவில்லை. இந்த கேமும் அதற்கான நின்டெண்டோ கன்ட்ரோலரும் ஒன்றையொன்று மனதில் வைத்து உருவானவை. இரண்டையும் பிரித்து ஒன்றுக்கு மட்டும் மாலை போட நான் தயாராக இல்லை.

கடைசி லெவல்:
நான் பிரித்துத்தான் பார்ப்பேன். ஆனால் டிஎஸ்ஸில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.