பேச்சு குறைவான குழந்தைகளின் பதற்றத்தை அறிவது எப்படி? உதவி தேவை

வணக்கம். சிறப்புக் கல்வித் தேவையுள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளின் மனநலமும் வளர்ச்சியும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று ஆய்வு செய்கிறேன். கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தகவல் எடுப்பதாகத் திட்டம். முதல் சுற்று முடிந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

சிக்கல் இதுதான்: ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து, பேச்சும் குறைவாக உள்ள குழந்தைகளிடம் பதற்றத்தைத் தனியாகப் பிரித்தறிய முடியவில்லை. ஒரு சிறுவன் மணி அடிப்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். ஆசிரியர் அதை நடத்தைப் பிரச்சினை என்று குறிக்கிறார், அவன் அம்மா பயம் என்கிறார். சத்தம் தாங்காமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் ‘அது ஆட்டிசம்தான்’ என்று ஒதுக்கிவிட்டால் அவன் படும் வேதனை கணக்கிலேயே வராது. அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழந்தைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை மதிப்பிட ராபர்ட் குட்மேன் உருவாக்கிய எஸ்டிக்யூ (SDQ) படிவத்தை, அந்த 25 கேள்விகளையும், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுத்தேன். இரு தரப்பு மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை. குழந்தையே நிரப்பும் படிவம் 11 வயதிலிருந்துதான், அதற்கும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கென்றே வந்த டிபிசி (DBC) என்ற நடத்தை மதிப்பீட்டுப் பட்டியல் பரவாயில்லை, ஆனால் அதுவும் பெரியவர்கள் சொல்வதைத்தான் நம்பியிருக்கிறது. அப்புறம் முகப் படங்களைக் காட்டிக் கேட்டேன். பலர் எந்தக் கேள்விக்கும் கடைசிப் படத்தையே தொட்டார்கள்.

இப்படிப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தவர்கள், பதற்றத்தைக் குழந்தையிடமிருந்தே அறிய எந்த முறையைப் பயன்படுத்தினீர்கள்?