குரூப் போட்டோல ஓரமா வெள்ளைச் சேலைல நிக்கிறது யாரு?

பரண்பெட்டி:
பரண்ல இருந்து ஒரு பழைய குரூப் போட்டோ கிடைச்சது, பின்னாடி பென்சில்ல 1926னு மட்டும் எழுதியிருக்கு. நடுவுல கோட்டு தலைப்பாகையோட கொள்ளுத்தாத்தா சேர்ல, பக்கத்துல ஒரு பையன் கையில தடி புத்தகம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொம்பளை நிக்கிறாங்க. ஒருத்தங்க சேலை கருப்பு, இன்னொருத்தங்களுது சுத்த வெள்ளை, அதனால அது தாலியறுத்த நாத்தனார்தான்னு அத்தை அடிச்சு சொல்றாங்க. பையன் பெரிய படிப்பாளியாம். இதெல்லாம் நம்பலாமா?

நெகட்டிவ்டப்பா:
சேலை கலரை வச்சு யாருக்கும் தாலிய அறுத்துடாதீங்க சார். அந்தக் காலத்து கேமரா பிளேட்டுக்கு (ஃபிலிம் மாதிரி) பெரும்பாலும் சிவப்பு தெரியாது, கருப்பா விழும், நீலம் வெளுத்துப் போயிடும். அரக்குப் பட்டு கருப்பாவும் வெளிர் நீலம் வெள்ளையாவும்தான் வரும். இதுலயே ஒரு வசதி, குங்குமமும் கருப்பா பளிச்சுனு விழும். லென்ஸ் வச்சு நெத்தி, கழுத்து, கால் விரல்ல மெட்டி பாருங்க. ரவிக்கை இல்லன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க, அந்தத் தலைமுறைல நிறைய பேர் போட்டதே இல்ல.

மதுரைக்காரி:
புத்தகம், பூ ஜாடி, டைம்பீஸ் எல்லாம் ஸ்டூடியோ சாமானா இருக்கும்ங்க, வர்றவங்க கையிலெல்லாம் அதே புத்தகத்தை கொடுத்து உக்கார வச்சிருப்பாங்க. எனக்கு முக்கியமா படறது யார் உக்காந்திருக்கா, யார் கை சேர் மேல இருக்குங்கறதுதான். பூத்தச்ச சடை தெரியணும்னு பொண்ணுங்களை கண்ணாடிகிட்ட நிக்க வச்சு எடுப்பாங்களே, வளைகாப்புக்கு கூட, அந்த மாதிரி படம் ஏதாவது பெட்டில இருக்கா? இருந்தா முகத்தை ஒப்பிட்டுப் பாக்கலாம்.

சைக்கிள்கடை:
புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரங்க பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களை நிறைய ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, தேடிப் பாருங்க. இறந்தவங்களை சேர்ல உக்கார வச்சு எடுத்து, பிரிண்ட்ல கண்ணு திறந்த மாதிரி வரைஞ்சதும் அந்தக் காலத்து வழக்கம்தான். முழி ஒரு மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க.

பரண்பெட்டி:
லென்ஸ் வச்சுப் பாத்தேன். வெள்ளைச் சேலை அம்மாவுக்கு நெத்தில கருப்பா வட்டப் பொட்டு, கால்ல மெட்டி. கண்ணாடிகிட்ட நிக்க வச்சு எடுத்த படம் எதுவும் இல்ல. இதுல ரெண்டு பேர் கையும் தாத்தா சேர் மேலதான் இருக்கு, ஆளுக்கொரு பக்கம்.

நெகட்டிவ்டப்பா:
தம்பி பொண்டாட்டியாவும் இருக்கலாம். ஆனா மெட்ராஸ் மாகாணத்துல 1949 சட்டம் வர்ற வரைக்கும் பொதுவா இந்து ஆம்பளைங்க ரெண்டு கல்யாணம் பண்றது சட்டப்படி குத்தமில்ல, அத்தைகிட்ட பக்குவமா கேளுங்க.

பரண்பெட்டி:
கேட்டேன். "அடுப்புல பால்"னு போனை வச்சுட்டாங்க.