வெண்பன்றி இரைக்கிறது, கருப்பி அசரவில்லை: காரணம் மரபணுவா?

ஒட்டன்சத்திரம் பண்ணை:

வணக்கம். மலையடிவாரத்தில் சின்னப் பண்ணை வைத்திருக்கிறேன். 12 தாய்ப் பன்றி, எல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். சித்திரை பிறந்துவிட்டால் மதியம் கொட்டகைக்குள் போகவே மனசு வராது, அத்தனையும் ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு கிடக்கும், தீவனத்தை மோந்துகூடப் பார்க்காது. போன வருடம் ஒரு நாட்டுக் கருப்புப் பெட்டை வாங்கி வந்தேன். அவள் அதே வெயிலில் புளியமரத்தடியில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றுகொண்டு திரிகிறாள்.

இது ஒரு பக்கம். மச்சினன் மகன் வடகிழக்குச் சீனாவில், ஹார்பினில் மருத்துவம் படிக்கிறான். குளிர்காலத்தில் மைனஸ் 20க்கும் கீழே போகுமாம். அந்தப் பனியில் சடை சடையாக முடி வைத்த ஒரு கருப்புப் பன்றி சாதாரணமாக நிற்கிற வீடியோ அனுப்பினான். எல்லாம் ஒரே இனம்தானே, காட்டுப்பன்றியும் சேர்த்து? ஒன்று வெயிலைத் தாங்குகிறது, ஒன்று பனியைத் தாங்குகிறது, என்னுடையது எதையும் தாங்கவில்லை. இது ரத்தத்தில் வருவதா, பழக்கத்தில் வருவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

ஒரே இனம்தான். நீங்கள் வீடியோவில் பார்த்தது அநேகமாக மின் பன்றி, அந்தப் பக்கத்து நாட்டு ரகம். குளிர் வந்தால் சொரசொரப்பான முடிக்கு அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு முடி வளரும்.

ஆனால் ஒன்று, பன்றி பிறவியிலேயே குளிருக்கு லாயக்கில்லாத விலங்கு. பல பாலூட்டிகளின் குட்டிகளுக்குப் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு, நடுங்காமலே உடம்பில் சூடு உண்டாக்குவது அதுதான். அந்தச் சூட்டைக் கிளப்பும் யுசிபி1 என்ற மரபணு பன்றியிடம் உடைந்து கிடக்கிறது, அதில் ஒரு துண்டையே காணோம். அது உடைந்து சுமார் 2 கோடி வருடம் ஆகிறது. முன்னோர்கள் வெப்ப நாட்டில் இருந்ததால் அப்போது யாருக்கும் உறைத்திருக்காது. குட்டி போட்ட அன்று நீங்கள் பல்பு கட்டித் தொங்கவிடுகிறீர்களே, அது இந்த உடைந்த மரபணுவுக்குப் பதிலாகத்தான். காட்டில் பல்புக்கு எங்கே போவது, அங்கே தாய்ப் பன்றி புல்லும் சருகும் சேர்த்துக் கூடு கட்டும். ஈனுவதற்கு முந்தின நாள் உங்கள் வெள்ளைப் பன்றி வெறும் சிமெண்ட் தரையை மூக்கால் தள்ளிக்கொண்டே இருக்குமே, பார்த்திருப்பீர்கள், அந்தக் கூடு கட்டும் வேலைதான் அது.

சரி, இப்படிப்பட்ட விலங்கு மைனஸ் 20ல் எப்படி நிற்கிறது? 2015ல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சீனாவின் 15 இடங்களிலிருந்து 69 பன்றிகளின் முழு டிஎன்ஏவையும் படித்து, வடக்கையும் தெற்கையும் பிரிப்பது எது என்று தேடினார்கள். பல இடங்களில் சின்னச் சின்ன வித்தியாசம். எக்ஸ் குரோமோசோமில் மட்டும் ஒரு பெரிய துண்டு, 1 கோடியே 40 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம், வடக்குப் பன்றிகளுக்கு ஒரு வடிவம், தெற்குப் பன்றிகளுக்கு வேறொரு வடிவம். பொதுவாகத் தலைமுறைக்குத் தலைமுறை டிஎன்ஏ சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் கலைவது ரொம்பக் குறைவு, அதனால் கட்டு அப்படியே கைமாறி வந்திருக்கிறது. குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ற வடிவங்களாக இவை இருக்கலாம் என்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த விஷயம்தான்: வடக்கு வடிவம் இந்தப் பன்றி இனத்துக்குள் பிறந்ததே இல்லை போலிருக்கிறது, அழிந்துபோன வேறொரு பன்றி இனத்தோடு எப்போதோ கலந்ததில் வந்திருக்கலாம். கடன் வாங்கின கம்பளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழையஎலும்பு:

கடன் வாங்குவதில் ஐரோப்பியப் பன்றியை அடிக்க ஆளில்லை. அங்கே பன்றியைக் கொண்டு வந்தது இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து போன விவசாயிகள், சுமார் 8500 வருடம் முன்பு. கொண்டு போன பன்றியைக் கட்டியா போட்டார்கள்? காட்டோரம் மேயவிட்டார்கள். காட்டில் உள்ளூர் ஆண் பன்றிகள் காத்திருந்தன. பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்த ஆய்வு 2019ல் வெளியானது. அதன்படி இன்றைய ஐரோப்பிய வளர்ப்புப் பன்றியிடம் அந்தப் பழைய மேற்காசிய ரத்தம் 4 சதவீதம்கூட இல்லை. வந்த விருந்தாளியை வீட்டுக்காரன் முழுங்கிவிட்டான். பெயர் வளர்ப்புப் பன்றி, உடம்பு முக்கால்வாசி ஐரோப்பியக் காட்டுப்பன்றி (இதற்குப் பிறகு 18, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன்காரர்கள் சீனப் பன்றியைக் கொண்டு வந்து கலந்தது தனிக் கதை, உங்கள் யார்க்‌ஷயரிலும் அந்தச் சீன ரத்தம் ஓடுகிறது).

ஆனால் நிறம் மட்டும் போகவில்லை. நிறத்தை முடிவு செய்வதில் ஒன்று எம்சி1ஆர் என்ற மரபணு. காட்டுப்பன்றிகளில் இதில் வருகிற மாற்றம் எதுவும் நிறத்தைத் தொடுவதில்லை, ஏனென்றால் வரிக்குட்டியாகப் பிறந்து சருகோடு சருகாகக் கிடக்காத குட்டியை நரியோ ஓநாயோ தூக்கிவிடும். ஊருக்குள் அந்தப் பயம் இல்லை. மேய்க்கிறவனுக்குக் கருப்பும் புள்ளியும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது, அதனால் காட்டு ரத்தம் எவ்வளவு கலந்தாலும் வித்தியாசமான நிறத்தை அவன் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டான். உடம்பின் ரத்தம் பெரும்பாலும் உள்ளூர் காட்டிலிருந்து, தோலின் நிறம் மனுஷனின் ஆசையிலிருந்து. எனக்கு இது ரொம்பப் பிடித்த கதை, அதனால்தான் நீட்டிவிட்டேன்.

கொட்டில் டாக்டர்:

கதையெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு கருப்பியை வைத்துக்கொண்டு யாரும் முடிவுக்கு வர வேண்டாம். அண்ணே, உங்கள் யார்க்‌ஷயர் தாய் 200 கிலோவைத் தாண்டும், கருப்பி அதில் பாதிகூட இருக்க மாட்டாள். பெரிய உடம்பு சூட்டை வெளியே விடத் திணறும், அதிலும் பன்றிக்கு வேர்வை நம்மைப் போல வேலை செய்வதில்லை. வெண்பன்றி வேகமாகச் சதை போடுகிற பன்றி, ஐஜிஎஃப்2 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதில் தசை கூடுகிறது என்று 2003லேயே கண்டுபிடித்தார்கள், அந்த மாதிரி மாற்றங்களைத் தேடித் தேடி ரகமாக்கியிருக்கிறார்கள். சதை வேகமாக வளர்ந்தால், பால் அதிகம் சுரந்தால், உள்ளே அடுப்பு அதிகமாக எரிகிறது என்று அர்த்தம். அதனால் அவள் இரைப்பதும் மரபணுதான், வெயிலுக்கென்று வந்தது இல்லை, இறைச்சிக்கென்று நாம் தேர்ந்தெடுத்தது.

அப்புறம் வெள்ளை நிறம். அது கிட் மரபணு இரட்டித்ததால் வந்தது, நிறம் தரும் செல்கள் தோலுக்கு வந்து சேருவதே இல்லை. நேர் வெயிலில் விட்டால் காதும் முதுகும் வெந்து தோல் உரியும். தீவனத்தை விடியற்காலை 5 மணிக்கும் பொழுது சாய்ந்த பிறகும் மாற்றுங்கள், கழுத்தில் சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி தண்ணீர்க் குழாய் போடுங்கள். முடிந்தால் ஒரு சேற்றுக்குழி. கருப்பிக்குப் புளியமரத்தடி இருக்கிறது, மற்றவர்களுக்குச் சிமெண்ட்டும் தகரமும்தான். முதலில் அதைச் சமன் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் பண்ணை:

தகரத்தைச் சொன்னது சுருக்கென்றுதான் இருக்கிறது, உண்மை. மேலே தென்னங்கீற்று போடுகிறேன். இன்னொரு சந்தேகம். ராத்திரியில் மேற்குப் பக்கம் வேலியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காட்டுப்பன்றி வந்து போகிறது, கடலைக்காட்டுக்கு வருகிறது என்று நினைத்தேன், கருப்பிக்கு வருகிறதோ என்று இப்போது சந்தேகம். ஐரோப்பாவில் நடந்த மாதிரி கலந்தால் நமக்கு நல்லதுதானே?

கொட்டில் டாக்டர்:

நல்லதே இல்லை. ஐரோப்பாவில் அது நடந்து முடிய ஆயிரக்கணக்கான வருடம் ஆனது, உங்களுக்கு அடுத்த ஈத்திலேயே குட்டி விற்க வேண்டும். காட்டுப்பன்றிக்கு மார்பிலும் இடுப்பிலும் சேர்த்து முதுகெலும்பு 19, இறைச்சிக்கென்று வளர்த்த மேலைநாட்டு ரகங்களுக்கு 21 முதல் 23 வரை இருக்கும், அந்த இரண்டு முதல் நான்கு எலும்பின் நீளத்தில்தான் உங்கள் இறைச்சியே இருக்கிறது. குட்டி எண்ணிக்கையும் குறையும்.

அதைவிடப் பெரிய பயம் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். இந்தியாவில் 2020ல் வடகிழக்கில் தெரிய வந்தது, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் என்ற வேறு இனக் காட்டுப்பன்றி இந்தக் காய்ச்சலின் வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டே நோயில்லாமல் திரியும், எத்தனையோ தலைமுறை அதோடு பழகினது. நம் காட்டுப்பன்றி அப்படி இல்லை. அது உங்கள் பன்றியின் இனமேதான், உங்கள் பன்றி எப்படிச் சாகுமோ அப்படியே சாகும், சாவதற்கு முன் உங்கள் கொட்டகைக்கும் வந்து போகும். அதற்காகப் பிடிக்கவோ அடிக்கவோ போய்விடாதீர்கள், வனத்துறை விவகாரம். வேலியை இரட்டை வரிசையாகப் போடுங்கள், கீழ்க் கம்பி மண்ணுக்குள் புதைந்திருக்கட்டும்.

ஒட்டன்சத்திரம் பண்ணை:

நாளைக்கே வேலிக்கு ஆள் சொல்கிறேன் சார். ஆனால் கருப்பி இப்போது சினை மாதிரிதான் தெரிகிறாள், மடி லேசாக இறங்கியிருக்கிறது. குட்டி வரியோடு பிறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழையஎலும்பு:

வரி இருந்தால் அநேகமாக அவன்தான். வரி இல்லையென்றால் அவன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சீனத்துக் கருப்புப் பன்றிகளின் கருப்பு நிறம் ஓங்கு பண்பு, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே காட்டு நிறத்தை மூடிவிடும். கருப்பியிடமும் அதே வகைக் கருப்பு இருந்தால் குட்டி கருகருவென்று அம்மா ஜாடையிலேயே இருக்கலாம். மூஞ்சி நீளத்தைப் பாருங்கள்.